மகத்தன்று ஆஸ்பத்திரிப் படகு

கண்டல்திட்டு
20-2-1966

அன்புள்ள மாமாவுக்குப் புஷ்பவள்ளி வணக்கம்.

இங்கே நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? வேலையை விட்டுவிட்டு வா என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். எழுத வேறு விஷயமே இல்லையா உங்களுக்கு? ஒவ்வொரு படகும் ஒருநாள் பிடித்த இறாலைக் கொடுத்து இந்த ஜனங்கள் கட்டிய ஆஸ்பத்திரி இது. இரண்டு அறை, ஒரு நர்ஸ், கழியைத் தாண்ட ஒரு படகு. டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். நானும் போனால் பூட்டிவிட வேண்டியதுதான்.

இங்கே இறால் பிடிக்கும் பழனிவேலின் பெண்சாதி கொளஞ்சிக்கு இது பிள்ளை பெறும் மாதம். கால் வீங்கியிருக்கிறது, ஓயாத தலைவலி. "சிதம்பரத்துல போயி சேந்துக்கடி" என்றால், "நீ இருக்கியேக்கா, நான் எங்க போறது?" என்கிறாள்.

தங்கள்
புஷ்பவள்ளி

கடலூர் ஓ.டி.
25-2-1966

அன்புள்ள புஷ்பாவுக்கு,

அம்மாவுக்கு வலி ஜாஸ்திதான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் உன் கையால் நான் தின்ற சோறு எத்தனை வேளை? "என்னா ராஜமாணிக்கம், பொண்டாட்டிய தீவாந்தரம் அனுப்பிட்டியா?" என்று கடையில் சிரிக்கிறார்கள். மானம் போகிறது.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் சாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறாரே, நானும் வருகிறேன். நீயும் வா. முகத்தையாவது பார்க்கிறேன்.

ராஜமாணிக்கம்

கண்டல்திட்டு
1-3-1966

அன்புள்ள மாமாவுக்கு,

மகத்தன்று திட்டில் ஒரு படகு தங்காது, ஊரே விடிய விடியக் கிள்ளையில் இருக்கும். அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரிப் படகு மட்டும் கட்டிக் கிடக்கும். அதில் நான் வருவது தப்பு. ஆனாலும் உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, என்ன செய்ய? படகோட்டி சின்னையனோடு காலையில் வந்து உச்சிக்குள் திரும்பிவிடுவேன். கொளஞ்சிக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. என்னைப் பிடித்து வைக்காதீர்கள்.

தங்கள்
புஷ்பவள்ளி

கடலூர் ஓ.டி.
10-3-1966

அன்புள்ள புஷ்பாவுக்கு,

அந்தக் கொளஞ்சி செத்துப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். விதி வந்தால் யார் தடுக்க? சின்னையன் குடித்துவிட்டுப் படகோடு காணாமல் போனதற்கு நீ என்ன செய்வாய்? ஒரு ராத்திரி சிதம்பரத்தில் என் அக்கா வீட்டில் தங்கினோம், அது குற்றமா? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வா. அம்மாவும் எதிர்பார்க்கிறாள்.

ராஜமாணிக்கம்

கண்டல்திட்டு
13-3-1966

ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

சின்னையன் நேற்று வந்து அழுதான். "உங்க ஊட்டுக்காரருதான், அவ இன்னிக்கி வரமாட்டா, நாளைக்கிப் படகக் கொண்டான்னாரு. நீங்க சொல்லித்தான் அனுப்பிச்சாருன்னு நெனச்சி படகோட மாமியாரு ஊட்டுக்குப் போயிட்டேன். உங்க பேரு கெட்டுப்போவும்னு ஊர்ல வாயத் தொறக்கல அக்கா" என்றான். நீங்களோ, அவன் எங்கோ குடித்து விழுந்து கிடக்கிறான் என்றீர்கள். அதை நம்பி உங்களோடு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் கொளஞ்சிக்கு ஜன்னி கண்டது. பழனிவேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகு படகு என்று கத்தியிருக்கிறார். கிள்ளைத் திருவிழா மேளத்தில் அது யார் காதில் விழும்? பிள்ளையும் தங்கவில்லை. இதையா விதி என்கிறீர்கள்? பாவி, நீங்கள் செய்தது இது. கூப்பிட்டதும் ஓடிவந்த நானும் செய்தது.

ஊரார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னையனைத்தான் குடிகாரப் பயலே என்று அடித்தார்கள். நாளைக்கு ஊர்க்கூட்டம், அவனைத் திட்டை விட்டே விலக்கப் போகிறார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொல்வேன். அப்புறம் என்னை வைத்துக்கொள்வதும் துரத்துவதும் அவர்கள் இஷ்டம். துரத்தினாலும் கடலூருக்கு வரமாட்டேன்.

படகை அனுப்பிவிட்டது யார் என்று கேட்பார்கள். என் புருஷன் என்பேன். உங்களை நான் அப்படிச் சொல்வது அதுதான் கடைசி.

புஷ்பவள்ளி