பன்றி கத்தாத பன்றியடிப்பு

யசென்கா கண்ணு,

இயேசுவுக்குப் புகழ். நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால்தான் வம்பு செய்கிறது, டாக்டர் படியே ஏறாதீர்கள் என்றார், இவர் ஏணி வைத்துக் கொட்டகைக் கூரைக்குப் போகிறார், சொன்னால் கேட்கிற ஜென்மமா. பனி கிணற்றடி வரைக்கும் மூடிக் கிடக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன், கிர்கோவின் பெண்டாட்டி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பார்க்கட்டும், வயிறெரியட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாயே, அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அப்போது நான் வாய் திறக்கவில்லை. நம் ஊர்க் கட்சிக் கிளையை மூடிவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்றாய். அப்பா இனித் தலைவராக இருக்க முடியாது என்று சொன்னதும், தவக்காலத்துக்குள் வேறு ஆளைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கிளையைக் கலைத்து நகரத்தோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமையிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒருவரும் முன்வரவில்லை. உனக்கு அது நாலு கிழவர்கள் கூடி ராக்கியா குடிக்கிற இடம். எனக்கு அப்படி இல்லை, ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் குளிர்காலம், நீ பிறக்கவில்லை. ரேடியோவைத் திறந்தால் செர்பியர் குரோவாசியர் சண்டைச் செய்தி, போனை எடுத்தால் பேர் சொல்லாத எவனாவது எப்போது கிளம்புகிறீர்கள் என்பான். இங்கே செர்பியாவில் இருக்கிற நம் குரோவாசிய ஆட்களில் சிலர் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு எல்லை தாண்டி குரோவாசியாவுக்குப் போனார்கள். அப்பாவும் கிர்கோவும் இன்னும் மூன்று பேரும் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். செர்பியரும் ஹங்கேரியரும் ஸ்லோவாக்கியரும் இருக்கிற ஊரில் குரோவாசியருக்கும் பேச ஒரு வாய் வேண்டும், அதனால் நகரத்தில் ஆரம்பித்திருந்த கட்சிக்கு இங்கே ஒரு கிளை வேண்டும் என்றார்கள். ஆனால் எங்கே கூடுவது? ஐந்து ஆண்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலே தெருவில் ஜன்னல் திரை விலகிய காலம். குளிர்காலத்துக்குக் கறி போட்டுவைக்கிற பன்றியடிப்புக்குக் கூடினால் மட்டும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சரி, நம் வீட்டில் பன்றியடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. விடியும்போது அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, கத்தி தீட்டியிருக்கிறது, ராக்கியா ஊற்றியிருக்கிறது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மட்டும் இல்லாத மாதிரி பன்றி மட்டும் இல்லை. இருந்த ஒன்றையும் இலையுதிர்காலத்திலேயே விற்றுவிட்டோம். கெட்டிக்காரர்கள் ஐந்து பேருக்கும் அது நினைவில்லை, ஏனென்றால் பன்றிக்குத் தீனி வைக்கிறவள் நான். பக்கத்து வீட்டு ஸ்வெதோசர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். செர்பியர், அதனால் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்வெதோசர் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆல்பே, பன்னி அடிக்கிற வீட்டுல பன்னி கத்தணும்யா. தெருவே கேட்டுக்கிட்டு நிக்குது." சொல்லிவிட்டுப் போய்த் தன் பன்றியைக் கயிறு கட்டி நம் வாசலுக்குள் இழுத்து வந்தார். எங்கள் வீட்டில் கத்துவது உங்கள் வீட்டில் கத்தட்டுமே என்றார். மூன்றாவது தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அது கத்தியது, அந்தச் சத்தத்துக்குள்ளேதான் நம் கிளை பிறந்தது. அன்று முதல் வருஷக் கூட்டம் பன்றியடிப்பு அன்றைக்குத்தான், அடித்ததில் ஒரு தொடை ஸ்வெதோசர் வீட்டுக்குத்தான். ஆண்கள் உள்ளே பேசுவார்கள், பெண்கள் முற்றத்தில் தொத்திறைச்சிக்குக் குடலில் கறி அடைப்போம். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த ஐந்து பேரும் அலைந்து அலைந்துதான் பள்ளியில் நம் மொழியில் வகுப்பு வந்தது, நீ அதில் உட்கார்ந்து படித்தாய். முதல் நாள் நீ பலகையில் உன் பேரை எழுதியபோது அப்பா வராந்தாவில் நின்று அழுதார், கேட்டால் சளி என்றார். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். பன்றிக் காய்ச்சல் பரவுகிறது, வீடுகளில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. கசாப்புக் கடையில் கறி வாங்கித்தான் கூட்டம். யார் தலைவர் என்று கேட்டால் ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குப் பேரப்பிள்ளை, கிர்கோவுக்கு டிராக்டர் ரிப்பேர், ஆளாளுக்கு ஒரு சாக்கு. அப்பா எழுந்து, அப்படியானால் மூடிவிடலாம் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஸ்வெதோசர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "என்ன ஆல்பே, சத்தத்தையே காணோம்? மறுபடியும் ஒளிஞ்சுதான் கூடுறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, கறி அப்பிய கையோடு உள்ளே போனேன். "சத்தந்தானே வேணும், அதை நான் போடுறேன். தலைவர்னு என் பேரை எழுதுங்க" என்றேன். கிர்கோ வாயைப் பிளந்தான். அப்பா என்னைப் பார்த்தார், முதலில் கை தூக்கினது அவர்தான். மற்ற கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. அதற்குப் பிறகு அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார், சட்டைக் கையைச் சுருட்டினார், நான் விட்ட இடத்திலிருந்து கறி அடைக்க ஆரம்பித்தார். பாதிக் குடல் வெடித்துவிட்டது, பரவாயில்லை, பழகிக்கொள்வார்.

நன்றாகச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, உன் பிள்ளைக்கு நம் மொழியில் பேசு. கன்னி மரியாள் உங்களைக் காப்பாற்றட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இனி ஞாயிறு காலையில் போன் செய்தால் நான் கிடைக்கமாட்டேன், எனக்குக் கூட்டம் இருக்கும். அவசரமென்றால் அப்பா எடுப்பார், அவர் சமையலறையில்தான் இருப்பார்.

உன் அம்மா,
தேசா
கிளைத் தலைவர்