வாசிப்புத் தேர்வன்று சுற்றுலா போன பதினொரு பேர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகியதை மாற்றியாயிற்று. குட்டிப்பயலுக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொன்னாயே, காலில் உறை போடாமல் தரையில் விடாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம் என்பாய். மீதியைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், அந்த வார்த்தையைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் கேடயம் வாங்கும் படத்தை ‘எங்க அப்பா’ என்று போட்டு உன் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாய் அல்லவா, முதலில் அதை அழித்துவிட்டு வா, பிறகு மேலே படி.

மூன்று வருடமாக எங்கள் மாவட்டம் பிள்ளைகளின் வாசிப்பில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். இந்த வருடம் புது அதிகாரி வந்தார். தலைமையாசிரியர்கள் எல்லாரையும் பெரிய அறையில் உட்கார வைத்து, திரையில் பள்ளிகளின் பட்டியலைப் போட்டு, சிவப்பில் இருந்த பள்ளிக்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னார். ஏழு பேர் நின்றோம். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் கிழவன், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் கத்தக்கூட இல்லை. “எனக்கு நூத்துக்கு நூறு வேணும், அதை எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார். அந்த இரண்டாவது பாதிதான் என் காதில் விழுந்தது. விழவேண்டியதும் அதுதான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் கைகழுவ மாட்டேன்.

தேர்வு மூன்றாம் வகுப்புக்கு. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். நம் பள்ளியில் நாற்பத்து மூன்று பேர், அதில் பதினொரு பேருக்கு வாசிக்க வராது. அவர்களுக்காகவே ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு வாசிப்பு டீச்சரைப் போட்டிருந்தார்கள், சின்னப் பெண், உன்னைவிட நாலு வயது குறைச்சல் இருக்கும். இடம் இல்லை என்று மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து எழுத்து அட்டைகளை வைத்துக்கொண்டு அவர்களோடு மல்லுக்கட்டினாள். எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள் சார், இன்னும் ரெண்டு மாதம் போதும் என்று என்னிடம் சொன்னாள். தேர்வுக்கோ எட்டு நாள். அன்றைக்கு வராதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. ஒரு வேன் பிடித்தேன். பதினொரு பேரையும் அந்த டீச்சரோடு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினேன். வேன் கிளம்பும்போது நான் வாசலில் நின்று கையசைத்தேன். பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடித்துக் கையசைத்தார்கள், டீச்சர் மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் முப்பத்திரண்டு பேரும் கடகடவென்று வாசித்தார்கள். நூத்துக்கு நூறு. மற்ற பள்ளிகளில் என்னென்ன செய்தார்களோ, நான் கேட்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்கவில்லை, மொத்தத்தில் மாவட்டம் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், எல்லாரும் சேர்ந்து சோற்றைப் போட்டால் மறைக்கலாம் போலிருக்கிறது. அதற்கு விழா வைத்து மேடையில் கேடயம் கொடுத்தார்கள், நீ அனுப்பிய அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். மறுநாள் அந்தப் பதினொரு பேரும் நீர்யானை வரைந்த தாளோடு என் அறைக்கு வந்து நன்றி சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கும் எங்களையே கூட்டிட்டுப் போங்க சார் என்றான் ஒருவன். நன்றாக வாசித்த பிள்ளைகள் எங்களை மட்டும் ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அழுதார்களாம். பார்த்தாயா, எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறேன்.

அத்தோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து ஒரு உத்தரவு வந்தது. இந்தப் பள்ளியில் எல்லாரும் வாசிக்கிறார்கள், எனவே வாசிப்பு டீச்சர் தேவையில்லை, வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறார். அவள் அட்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டு, போய்ட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த வாரமே பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினொரு பேரில் அந்தப் பெண்ணும் ஒருத்தி, எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும், நாங்கள் சிட்டு என்போம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அலுவலகத்திலிருந்து தேர்வு முடிவுக் காகிதம் போயிருக்கிறது. தைக்கிற அம்மாளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சார் என்று நீட்டினாள். அதில் இருந்தது இதுதான்: வாசிப்பு மதிப்பெண் பதிவு இல்லை, உங்கள் குழந்தைக்குத் தனி உதவி தேவையா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். அந்தத் தலைமையாசிரியன் நான்தான், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா, கவலைப்பட ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு என்று வாசித்தேன். அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. சிட்டு எட்டிப் பார்த்து, காகிதத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, “சார், இங்க இல்லைன்னு இருக்கு” என்றது. அந்தப் பிள்ளை என் முன்னால் வாசித்த முதல் வார்த்தை. தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும் நான். ஆமாம்மா, கவலை இல்லைன்னு போட்டிருக்கு என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்து நாலு வருடம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன், எழுத்துத் தெரியாத ஒருத்தியிடம் அதையே வைத்து ஏமாற்றினேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. மறுநாள் காலை சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம பொண்ணு காகிதத்தை யாராவது இப்படி வாசிச்சிருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் பேசியதெல்லாம் சுவரோடுதான். குழம்பு இருக்கு, போட்டுக்கலாம் என்று சுவருக்குச் சொல்வாள், நான் போட்டுக்கொள்வேன்.

நாலாம் நாள் நடந்ததை நடந்தபடி எழுதி, பதினொரு பேரின் பெயரையும் போட்டு, கேடயத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி படித்துவிட்டு, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு சார் வேண்டாத வேலை, இதைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க என்றார். எடுக்கவில்லை. விசாரணை வரும், ஓய்வூதியம் தள்ளிப் போகலாம், பேப்பரில் வந்தாலும் வரும். டீச்சரைத் திரும்ப அனுப்புவார்களா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா, நானே எத்தனை பெற்றோரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம்கூடச் சுலபம். தையல் கடைக்குப் போனதுதான் கஷ்டம். மூன்று தடவை கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினேன். அந்த அம்மாள் பதறி எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள், அது இன்னும் சுட்டது. காகிதத்தை வாங்கி, உள்ளது உள்ளபடி முதலிலிருந்து வாசித்தேன், மிருகக்காட்சி சாலையையும் சொன்னேன். மிஷின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “டூருக்குப் போட்டுட்டுப் போகணும்னு அவளுக்குப் புதுச்சட்டை தைச்சேன் சார், ராத்திரி முழுக்க உக்காந்து” என்றாள். துணியை இழுத்து ஊசிக்குக் கீழே வைத்து, “இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் உங்ககிட்ட கொண்டு வர மாட்டேன். அவளே வாசிக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சு குடுங்க” என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் இப்போது காலை எட்டு மணிக்கே பள்ளிக்குப் போய்விடுகிறேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறார்கள். அந்த வாசிப்பு டீச்சரின் கைராசி எனக்கு இல்லை. ஓய்வு பெறுவதற்குள் முடியுமா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் முதலில் பேசு, எனக்குச் சமாதானம் சொல்லாதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக, யாருக்கும் தலைகுனியாமல் இருக்க என் ஆசீர்வாதம். ஆசீர்வதிக்க இன்னும் உரிமை இருக்கிறது என்று நீ நினைத்தால் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா