சக்கரம் வைத்த வீடு

1880, மார்ச் 9. நெப்ராஸ்கா

பனி உருகுகிறது. அண்ணன் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசையும்போதெல்லாம் ஹைரம் பெல்டனின் கழுத்தைத்தான் பிசைகிறேன்.

என் கணவன் மாத்தேய்க்குக் காய்ச்சல் கண்டு நகரத்துக்குக் கொண்டுபோனேன். நான்கு மாதம். அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பினால், நாங்கள் இரண்டு வருடம் பாடுபட்ட நிலத்தில் பெல்டனின் மர வீடு நிற்கிறது. ஆறு மாதம் ஆளில்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்பது சட்டம்; ஆறு மாதமாக அங்கே ஆளே இல்லையென்று நில அலுவலகத்தில் பொய்ச் சத்தியம் செய்து தன் பெயருக்குப் பதிந்துகொண்டிருக்கிறான்.

"சட்டம்னா சட்டம்தாம்மா," என்றான்.

மார்ச் 28

ஈஸ்டர். பெல்டன் கட்டிய தேவாலயம், பெல்டன் கொடுத்த மணி. ஊரின் முதல் பள்ளிக்கூடமும் அவன் தயவு. எல்லோரும் அவனுக்குத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். நான் அவன் பிடரியைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தேன். என்ன ஜெபித்தேன் என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 17

அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் இல்லை. அவன் ஊருக்குள்தான் இருக்கிறான். குடியிருந்தால்தானே நிலம் சொந்தம்? குனிந்து அடியில் பார்த்தேன். புல்லுக்குள் நாலு சக்கரம்.

ஏப்ரல் 20

வீட்டை எருது பூட்டி இழுத்துவந்தவன் ஸ்வீடன்காரன் நீல்ஸ்.

"உள்ளதச் சொல்ல மாட்டியா?"

"என்னை விட்டுடு பொஜேனாக்கா. எம்புள்ளைங்க அவர் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது."

கோழை.

மே 30

பெல்டன் பட்டா கேட்கட்டும். காத்திருக்கிறேன்.

ஜூன் 22

செய்தித்தாளில் அறிவிப்பு. பெல்டன் இறுதிப் பட்டா கேட்கிறான். அவனுக்குச் சாட்சி யார்? நீல்ஸ். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து அவனால் பொய் சொல்ல முடியாது. உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அண்ணி பயந்துபோனாள்.

ஜூலை 14

விசாரணை. நீல்ஸ் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"என் நிலத்துல வீடு இருக்கா?" என்று பெல்டன் கேட்டான்.

"இருக்குங்க."

பிறகு என் முறை. "அந்த வீட்டை வேற எங்கயாவது பாத்திருக்கியா, நீல்ஸ்?"

அவன் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னான்: "ஆறு இடத்துல. ஒவ்வொரு தடவையும் பட்டா கையில வந்ததும் அடுத்த நிலத்துக்கு நான்தான் இழுத்தேன். எருதுங்களுக்கே இப்ப வழி தெரியும்."

அறையே சிரித்தது. பெல்டனின் காது சிவந்தது. போதாது. இன்னும் சிவக்கட்டும்.

ஆகஸ்ட் 30

நிலம் என் பெயருக்கு வந்தது. பொய்ச் சத்தியம் செய்ததற்கு பெல்டன் மேல் வழக்கு. நீல்ஸ் எருது தர மறுத்ததால் வாடகைக் குதிரைகளோடு பெல்டனே வந்து வீட்டை இழுத்துப்போனான். ஊர் எல்லை வரை பின்னாலேயே நடந்தேன். திரும்பிப் பார்த்தான். அதற்காகத்தான் நடந்தேன்.

அக்டோபர் 6

உழவு. ஆற்றோர மேட்டில் ஒருத்தி நின்றாள். இந்த மண்ணின் பூர்வகுடியான போன்கா இனத்தவள், என் வயதுதான். மூன்று வருடம் முன்பு ராணுவம் அவர்களைத் தெற்கே ஓட்டியது. சிலர் நடந்தே திரும்பியிருக்கிறார்கள். அவர்களை ஓட்டிய அதே வருடம்தான் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம்.

"இதுக்குக் கீழ எங்கம்மா இருக்காங்க. உழாதே."

"இது என் நிலம். ஆபீஸ்ல எழுதியிருக்கு."

"நாங்க இல்லாதப்ப எழுதினாங்களா?"

கேட்டுவிட்டு மேட்டை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அக்டோபர் 7

மேட்டைச் சுற்றி உழுதேன். அவள் மறுபடி வருவாள். நானாக இருந்தால் வருவேன்.