அந்தப் பூட்டு எந்தக் கட்சி?

கரோல் பாக், டெல்லி
பிப்ரவரி 12

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்து மழைக்கும் உன் டூட்டிக்கும் நடுவில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறோம். இங்கே குளிர் இப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அப்பா போட்டிருந்த மூன்று ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டார், அவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் எள்ளு மிட்டாய் கஜக் விற்கிறவனை "பையா" என்று கூப்பிட்டு எனக்குத் தெரியாமல் வாங்கித் தின்கிறார், பாக்கெட்டில் எள் கிடக்கிறது. என் முழங்கால் பரவாயில்லை. போனில் பேசினால் நீ டூட்டிக் களைப்பில் பாதியில் தூங்கிவிடுகிறாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். லக்ஷ்மிபாய் நகர் ஸ்கூலில் படித்த தமிழ் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி மக்களே, ஒரு அவசரமும் இல்லை.

வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, அம்மா கையில் மைக் எதற்கு, பக்கத்தில் கட்சிக்காரர்கள் எதற்கு, சர்ச்சுக்குப் போனோமா வந்தோமா என்று இருக்கக் கூடாதா, வயதான காலத்தில் அரசியல் எதற்கு என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சண்டையாகத்தான் முடிந்திருக்கும். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் திட்டு.

நவம்பரில் இங்கே வார்டு தேர்தல் அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாளே ஒரு வேட்பாளர், மார்க்கெட்டில் ஏர் கூலர் கடை வைத்திருப்பவர், ஒரு பெட்டி லட்டோடு நம் பாஸ்டரைப் பார்க்க வந்துவிட்டார். பாஸ்டர் பேர் அருள்ராஜ், நீ போன பிறகு மாற்றலாகி வந்தவர், நாசரேத் பக்கம், முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் பீடத்தில் நின்று இரண்டே நிமிஷம் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஜெயித்தால் உங்கள் கேட் முன்னால் இரண்டு பெரிய விளக்கும் ஒரு வேகத்தடையும் போட்டுத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் நம் செயலாளர் பென்சன் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த விளக்குக்காக அவர் எத்தனை வருஷமாக மனு எழுதுகிறார் என்று உனக்கே தெரியும். நம் சபையில் இருநூறு ஓட்டு இருக்கிறது, ஒருத்தராவது நம்மைத் தேடி வந்தாரே என்றார். உன் அப்பா சட்ட அமைச்சகத்தில் முப்பத்திநாலு வருஷம் ஃபைல் பார்த்தவர் இல்லையா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோயிலோ மசூதியோ சர்ச்சோ எதையும் ஓட்டுக் கேட்கிற மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கிறது என்று ஆரம்பித்தார். அப்படியானால் அவர் பேச வேண்டாம், பாஸ்டர் ஜாடையாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் பென்சன் மாமா. பாஸ்டர் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் சாதாரணமாகக் கமிட்டியில் வாய் திறக்கிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம்தான் நம் வீட்டில் வேலை செய்கிற பொன்னம்மாளோடு பேசியிருந்தேன். உளுந்தூர்பேட்டைக்காரி, நாலு வருஷமாக நம் வீட்டுக்கு வருகிறாள், சர்ச்சுக்குப் பின்னால் அந்தப் பெரிய சாக்கடை நாலா ஓரமாக இருக்கிற குடிசைப் பகுதியில் வீடு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் வேறு. நான் நர்ஸ் புத்தியில் சிறுநீரில் எரிச்சலா என்று கேட்டு, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கணும் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். குடிச்சா எங்கக்கா போறது என்றாள். அங்கே இருந்த பொதுக் கழிப்பறையில் மழைக்காலத்தில் குழாய் உடைந்ததாம், ஜூலையில் பூட்டியவர்கள் திறக்கவே இல்லையாம். பெண்கள் எல்லாம் விடிவதற்கு முன்னால் கூட்டமாகச் சேர்ந்து ரயில் பாதைப் பக்கம் போய்வருகிறார்களாம், அதன் பிறகு மறுநாள் வரை தண்ணீர் குடிப்பதில்லையாம். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, என் வீட்டுப் பாத்திரம் கழுவுகிறவள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று நாலு மாசமாகக் கவனிக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் எழுந்து நின்று, நம்மிடம் இருநூறு ஓட்டு இருக்கிறது என்றால் அதைக் காட்டி நம் வாசலுக்கு விளக்குக் கேட்பதை விட அந்தக் கழிப்பறையைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். அவர்கள் நம் சபை ஆட்கள் இல்லையே அக்னஸ் என்றார் பென்சன் மாமா. அதனால்தான் அண்ணா கேட்கச் சொல்கிறேன், நமக்காக நாம் கேட்டால் அது பேரம் என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் பாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பீடம் யாருக்கும் கிடையாது, லட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் (பாதி தீர்ந்திருந்தது, அது வேறு கதை), பெண்கள் ஐக்கியம் விரும்பினால் சர்ச்சுக்கு வெளியே எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கட்டும் என்றார். அப்பா அன்றைக்கே, அந்தக் கழிப்பறை ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போட்டார். ரிட்டயர் ஆன பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை.

கூட்டத்தை அந்தப் பூட்டிய கழிப்பறை முன்னாலேயே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வைத்தோம், ஒரு ஷாமியானா, கடன் வாங்கிய மைக், ஐந்து டஜன் நாற்காலி. மூன்று பேரைக் கூப்பிட்டோம், இரண்டு பேர் வந்தார்கள், மறுபடியும் நிற்கிற பழைய கவுன்சிலர் அம்மா வரவில்லை. நீ பார்த்த போட்டோ அதுதான். மாலை கிடையாது, கோஷம் கிடையாது, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று என் ஆஸ்பத்திரி ஹிந்தியில் சொன்னேன், வார்டில் நோயாளிகளை அதட்டுகிற குரலே வந்துவிட்டது, எல்லாரும் கப்சிப் என்று உட்கார்ந்தார்கள். முதலில் பொன்னம்மாள் பேசினாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி தமிழும் பாதி ஹிந்தியுமாக, இன்னைக்குக் காலையிலேர்ந்து ஆறு வீட்ல கக்கூஸ் கழுவிட்டு வந்திருக்கேன், ஆறு வீட்டுலயும் அது என்னுது இல்ல, நாளைக்கு விடியிற வரைக்கும் எனக்கு ஒண்ணு இல்ல, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை மக்களே. ஒரு வேட்பாளர், இளைஞர், உலகத் தரத்தில் கட்டித் தருவேன் என்று ஏதோ பேசினார். அடுத்து நம் கூலர் கடைக்காரர் எழுந்தார். பீடம் தரவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்திருக்கும். மேடம் ஜி, அச்சா கேள்வி, நானும் ஒன்று கேட்கிறேன் என்றார். உங்கள் சர்ச் காம்பவுண்டுக்குள் நாலு கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் வருகிறது, இங்கிருந்து இருநூறு அடி கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை தவிர ஆறு நாளும் பூட்டியே இருக்கிறது, எங்கள் கட்சியைக் கேட்கிறீர்களே, அந்தப் பூட்டு எந்தக் கட்சி என்றார்.

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐந்து டஜன் நாற்காலிக்கும் ஷாமியானாவுக்கும் யோசித்தேன், அந்த நாலு கதவை ஒரு தடவை கூட யோசிக்கவில்லையே. ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், பொன்னம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது ஜூலையிலிருந்தே தெரிந்திருக்கும், ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் சொல்வது சரி, தப்பு எங்களுடையது என்று மைக்கிலேயே சொன்னேன். அப்போது பின்னால் நின்றிருந்த பாஸ்டர் நேரே முன்னால் வந்து, திங்கட்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டார். கமிட்டியைக் கேட்காமல்!

மறுநாள் ஆராதனை முடிந்து இரண்டு மணி நேரம் கமிட்டியில் ஒரே சத்தம். திருட்டுப் போகும், தண்ணீர் தீர்ந்துவிடும், நாளைக்கு யாராவது கேஸ் போடுவார்கள் என்று பென்சன் மாமா அடுக்கினார். பாஸ்டர், நம் ஆண்டவர் இந்த வாசலில் வந்து நின்றால் ஞாயிற்றுக்கிழமை வாரும் என்றா சொல்வோம் என்று மெதுவாகக் கேட்டார், அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஓட்டெடுப்பில் எட்டுக்கு ஐந்து என்று தீர்மானம் நிறைவேறியது. சுத்தம் செய்ய அந்தப் பெண்களில் ஒருத்தியையே வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதை சபைக் குடும்பங்கள்தான் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதில் இரண்டு குடும்பம் நம் சபையை விட்டே போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான், நல்ல மனுஷர்கள், ஆனால் அந்த வேலையை நாம் செய்வதா என்று அவர்களால் தாங்க முடியவில்லை. உன் அப்பாவுக்கு வியாழக்கிழமை முறை. கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, பினாயில் பாட்டிலை ஃபைல் மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார். இதில் பெரிய ஆச்சரியம் பென்சன் மாமாதான். எதிர்த்து ஓட்டுப் போட்டவர், திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் குரங்குக் குல்லாவும் டார்ச்சுமாக வாசலில் நிற்கிறார், திருட்டைத் தடுக்கவாம். இப்போது "ஜல்தி ஜல்தி" என்று வரிசையை ஒழுங்கு செய்வதும் அவர்தான், கர்ப்பிணி சுஜாதாவை முன்னால் விடச் சொல்வதும் அவர்தான், எல்லாப் பெண்களின் பேரும் அவருக்குத் தெரியும்.

ஓட்டுப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஆராதனையை ஆறரை மணிக்கே வைத்துவிட்டு எல்லாரும் விரல் மையோடு டிபன் சாப்பிட்டோம். யாருக்குப் போட்டேன் என்று அப்பாவிடமும் சொல்லவில்லை, பாஸ்டரும் கேட்கவில்லை. ஜெயித்தது யார் தெரியுமா, எங்கள் கூட்டத்துக்கே வராத கவுன்சிலர் அம்மா! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அப்பாவின் மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி கழிப்பறை திறந்து நல்ல முறையில் பயன்பாட்டில் இருக்கிறது என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அப்பா மூன்று தடவை வாசித்துவிட்டு, பூட்டு இன்னும் தொங்குகிறது, அவர்கள் பொய் முத்திரையோடு நம் கையில் இருக்கிறது, இதை விட நல்ல பதில் கிடைக்காது என்று குதித்தார். ஜனவரியில் பொன்னம்மாள் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் அம்மாவின் ஆபீஸுக்குப் போனாள், நானும் அப்பாவும் பின்னால் போனோம். அந்த அம்மா காகிதத்தை வாசித்தார், பூட்டின் போட்டோவைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்று முகம் மாறியது, வாருங்கள் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தே வந்தார். பதினெட்டு நாளில் குழாய் போட்டுத் திறந்துவிட்டார்கள். திறந்த அன்று தோற்றுப்போன கூலர் கடைக்காரரும் வந்திருந்தார், நான் போய் அவருக்கு நன்றி சொன்னேன். ஓட்டுத்தான் போடவில்லை, நன்றியாவது வந்ததே மேடம் ஜி என்றார். நம் நாலு கதவும் அப்படியே திறந்திருக்கிறது, இப்போது ரிக்‌ஷாக்காரர்கள் வருகிறார்கள்.

இதுதான் மக்களே என் அரசியல். ஞாயிறுதோறும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும் என்று வேதம் எனக்குச் சொல்லவில்லை, சொன்னதாக யாராவது வந்தால் நான் நம்பவும் மாட்டேன். ஓட்டுப் போடப் போகும்போது யாரை மனதில் வைத்துக்கொண்டு போகணும் என்று மட்டும் தெளிவாகச் சொல்கிறது. அதோடு, அடுத்தவனிடம் நியாயம் கேட்கிறவள் தன் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ளணும் என்பதை ஒரு கூலர் கடைக்காரர் வாயால் எனக்குச் சொல்லியிருக்கிறது. எந்த வாயால் சொன்னால் என்ன.

பொன்னம்மாள் இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள், காய்ச்சல் இல்லை. உனக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் உன் சிநேகிதி அபிராமி கையில் கொடுத்து விடுகிறேன், மார்ச்சில் அவள் அங்கே வருகிறாள். டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, குளிர் காலத்தில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே. அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டாம், அப்பா தேடி வாசித்துச் சொன்னார். உன் பேரைப் பதிவு செய்துவிடு. வேட்பாளர் யாராவது கதவைத் தட்டினால் இந்தியர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காதே, உன் முதியோர் ஹோமில் நீ குளிப்பாட்டுகிற பாட்டிகளுக்கு என்ன குறை என்று உனக்குத்தான் தெரியும், அதைக் கேள். அவர்களால் வாசல் வரை நடந்து வந்து கேட்க முடியாது இல்லையா.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
உன் அம்மா
அக்னஸ் சத்தியசீலன்