நகராத முகடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புது வீட்டைப் பார்க்க எப்போது வருவீர்கள் என்று நீ போனில் கேட்டதற்கு நான் வழக்கம்போலப் பார்க்கலாம் என்றதும் உன் முகம் சுண்டியது குரலிலேயே தெரிந்தது. அதற்கு வருகிறேன், முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் கீழ்த்தளத்து லேசர் மாமா உனக்கு நினைவிருக்கும், கட்டடமே அதிரச் சிரிப்பவர். அவருடைய கருவியைக் கழற்றி வேறு துறைக்குக் கொடுக்கிறார்கள், பல வருஷமாகத் தேடியதைப் பிடிக்க அவருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வாரம்தான். உடையப் போதுமான ஆற்றல் கிடைத்தாலும் மூலக்கூறு உடனே உடைவதில்லை, ஆற்றல் உள்ளுக்குள்ளேயே அதிர்வுக்கு அதிர்வு தாவிக்கொண்டிருக்கும், உரிய பிணைப்பில் வந்து சேர்ந்தால்தான் உடையும் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். உடையும்வரை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குச் சராசரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுளைச் சொல்லும், குவாண்டம் கணக்கிலோ உடையாமல் தங்கி நிற்கும் ஒவ்வொரு ஒத்ததிர்வு நிலைக்கும் தனி ஆயுள். அடுத்தடுத்த நிலைகளில் ஒன்று பொசுக்கென்று போய்விடும், இன்னொன்று கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று வாசலில் நின்று பேசும் உன் அத்தை மாதிரி நிற்கும். அந்த அத்தைதான் அவருக்கு வேண்டும். ஆனால் ஆயுள் நீள நீள வரைபடத்தில் அதைக் காட்டும் முகடு மெலிந்துகொண்டே போகும், லேசரின் அலைநீளம் கொஞ்சம் விலகினாலும் தட்டுப்படாது, அதனால் எங்கே தேடுவது என்று என்னிடம் கேட்டார்.

என் கணக்கில் ஒரு முகடு இருந்தது, நான்தான் நம்பவில்லை. உடைந்த துண்டுகளை விழுங்கிக்கொள்ளக் கணக்கின் ஓரத்தில் ஒரு கற்பனைச் சுவர் வைப்போம், அந்தச் சுவரே சில பொய் முகடுகளைக் காட்டும். சுவரை நகர்த்தினால் பொய் கூடவே நகரும், மெய் அசையாது. நகர்த்தினேன், அசையவில்லை, மறுபடியும் நகர்த்தினேன். அவர் மாடியேறி வந்து, என்னம்மா, உங்க சொத்தையா எழுதித் தரச் சொன்னேன், ஒரு நம்பர்தானே, இன்னும் எத்தனை தடவை சுவரைத் தள்ளுவீங்க, வீடு இடிஞ்சிடப் போகுது என்றார். வீட்டில் அப்பா, உப்பு போதுமான்னு கேட்டாலே நாளைக்குச் சொல்றேங்கிற ஆளு இவ, இவகிட்ட போய் நம்பரா என்று ஒத்து ஊதினார். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன், தவறினால் அவருடைய கடைசி வாரம் என்னால் பாழாகுமே என்று அதன் பிறகும் சுவரை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம் கீழே கூப்பிட்டார். நான் சொன்ன இடத்திலிருந்து ஒரு முடியளவு தள்ளி, முகடு ஊசி போல நின்றது. ஏன் தள்ளியிருக்கிறது என்று கேட்டேன், ஐயோ, கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுட்டு அப்புறம் சந்தேகப்படுங்களேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். சந்தோஷப்பட்டேன். காரணத்தை இன்று காலைதான் தேடத் தொடங்கினேன்.

தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, பாதி நாள் தூங்குகிறான். நீ கேட்டதை நானும் பல பக்கம் நகர்த்திப் பார்த்தேன், வேலை, முழங்கால், டிக்கெட் என்று. ஆசை அசையவில்லை. விடுமுறைக்கு வருகிறோம்.

நன்றாக இரு கண்ணு. அடுப்பின் கேஸ் குழாயை மாற்றிவிடு. அப்பாவுக்கு இரண்டு தலையணை வேண்டும், வாங்கி வை.

உன்
அம்மா