பதினொன்று எண்ணும்வரை சிரித்தார்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மாவை முந்திக்கொண்டு நானே எடுத்து, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாத ஒளிப்பதிவில் அம்மாவைப் பற்றிய பகுதியை இன்னும் நீட்டிச் செய்யச் சொல்கிறார்கள், அம்மாவுக்கு வருத்தமென்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டாயே, அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் போனில் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது.

காது கேளாத பிள்ளைகளுக்குக் காது மிஷின் வாங்கப் பணம் திரட்டுகிறோம், அதற்காக டிவியில் ஏழெட்டுப் பேர் மேடையேறி ஜோக் சொல்கிறோம் என்று நீ சொன்னபோது எனக்குப் பிடிபடவே இல்லை. நல்ல காரியத்துக்குக் கை நீட்டுகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருத்தரைச் சிரிக்க வைத்தால் அவர் கை ஏன் சட்டைப் பைக்குப் போகிறது என்று எனக்கு ஒரே யோசனை. பக்கத்து வீட்டுத் தபால்காரர் (ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, இன்னும் எங்களுக்குத் தபால்காரர்தான்) அன்று உன் நிகழ்ச்சி முடிந்த கையோடு பணம் அனுப்பினார். அவரைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். இவ்வளவு நேரம் சிரித்துவிட்டுச் சும்மா எழுந்து போக ஒரு மாதிரியாக இருந்தது என்றார். எனக்கு அது பாதிதான் விளங்கியது. மீதியை நீ எழுது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணிக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு டிவியின் சத்தம் எட்டாது என்பது உனக்குத் தெரியும். திரைக்குக் கீழே ஓடிய எழுத்து பணம் அனுப்ப வேண்டிய எண் மட்டும்தான், அதை அவள் மனப்பாடமே செய்துவிட்டாள். ஆகவே நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அதை நான் அவள் காதருகே திரும்பக் கத்தவேண்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக, லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் முப்பது வருஷம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஜன்னல் வேறு திறந்திருந்தது. நீ ஆரம்பித்ததோ என்னைப் பற்றி. 'எங்க வீட்ல ரகசியம்னு ஒண்ணு கிடையாது, அப்பா அம்மா காதுல ஒரு ரகசியம் சொன்னா, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யோசிச்சுச் செய்யுங்க சார்னு பதில் சொல்வார்' என்றாய். பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை நானே என் வாயால் சொன்னேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை, இப்போது தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் டிவியில் தன்னைப் பற்றி வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அடுத்தது லிஃப்ட் கதை. லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த அவசரப் போனை எடுத்து அமுக்கினார், அவர் சட்டைப் பையிலேயே மணி அடித்தது என்றாய். மாட்டியிருந்தது நாற்பது நிமிஷம், நீ சொன்னதுபோல மூன்று மணி நேரம் இல்லை. கோளாறு கதவு சுவிட்சில், என் வேலையில் இல்லை. ஆனால் மணி அடித்தது உண்மை. நான் அதை எடுத்து ஹலோ யாருங்க என்றும் கேட்டேன், அதை நீ விட்டுவிட்டாய், அடுத்த முறை சேர்த்துக்கொள்.

பிறகு அம்மாவிடம் வந்தாய். 'அம்மாகிட்ட போன்ல எதை வேணும்னாலும் சொல்லலாம், பயமே இல்லை. வேலை போயிடுச்சும்மான்னேன், ரொம்ப சந்தோஷம்டா கண்ணு, நல்லா சாப்பிடுன்னாங்க. கை உடைஞ்சு போச்சும்மான்னேன், அப்படியே இருக்கட்டும், மாத்திடாதேன்னாங்க.' அரங்கம் முழுக்கச் சிரித்தது. லிஃப்ட் கதவு எத்தனை எண்ணும்வரை திறந்திருக்கிறது என்று எண்ணிப் பழகிய புத்தி, இதையும் எண்ணினேன். பதினொன்று. அந்த நிகழ்ச்சியிலேயே அதுதான் நீளமான சிரிப்பு. தபால்காரரும் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா என் தோளைத் தட்டி, நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். விளம்பரம் போடுகிறார்கள் என்றேன். உன் முகம் திரையில் இருக்கும்போதே விளம்பரம் என்று சொன்ன ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவள் விடவில்லை. மாவு பிசையும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கு உள்ளே வேறொரு குடைச்சல். உனக்கு வேலை போனதா, கை உடைந்ததா, எனக்கும் தெரியாதே. இந்த வீட்டில் போனை எடுப்பது அவள், நான் கடைசியில் வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டு வைப்பவன். எது ஜோக், எது நடந்தது என்று பிரிக்கத் தெரியாமல் தவித்தேன். காது மிஷின் பேச்சை ஆறு வருஷமாக அவள் எடுக்கவிட்டதில்லை. நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் இரைச்சலில் நின்றவள், இந்த அமைதிதான் எனக்கு மில் கொடுத்த பென்ஷன் என்பாள். அதை நீ சபையில் சொல்லிக் காட்டிவிட்டாய் என்று தெரிந்தால் நொறுங்கிப் போவாள் என்று பயந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். வார்த்தை மாறாமல் இரண்டு முறை சொல்ல வைத்தாள். கோபப்படவில்லை. எல்லாரும் சிரித்தார்களா என்றாள். சிரித்தார்கள், பதினொன்று எண்ணும்வரை என்றேன். நம் பெண் சிரித்தாளா என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நான் சத்தத்தைத்தானே எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள்: 'அவ சிரிக்கலைங்க. எல்லாரும் சிரிக்கிறப்போ திரும்பி நின்னு தண்ணி குடிச்சா. பாட்டில்ல தண்ணியே இல்லை. அதனாலதான் இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்.'

தபால்காரரின் போனில் அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. காலி பாட்டில். இரண்டு காதையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் போனது, ஒன்றும் கேட்காத அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது மகளே, அழுகையும் வந்தது.

வியாழக்கிழமை அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். காது பார்க்கிற பெண் ரொம்பப் பொறுமைசாலி, ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். இவள் பரீட்சை எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தாள். மிஷின் மாட்டியதும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா, என் மூச்சு இரைவதை. டாக்டரைப் பார்க்கச் சொல்லித் தொல்லை தொடங்கிவிட்டது. இவ்வளவு நாளாக இப்படியா கத்தினீர்கள் என்று ஒரு பாட்டம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போனை அதன் பக்கத்தில் எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாள், மூன்று நாளாக என்னைத் தெருமுனைக்கு அனுப்பி அங்கிருந்து பேசச் சொல்லிப் பழகுகிறாள். நேற்று பதிலெல்லாம் சரியாக வந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: அந்தப் பகுதியைத் தாராளமாகச் செய். அம்மாவுக்கு வருத்தமில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு மிஷின் கிடைக்கட்டும், ஜனங்கள் சிரிக்கட்டும் என்கிறாள். ஆனால் மேடைக்குப் போகும்போது பாட்டிலை நிரப்பிக்கொண்டு போகச் சொன்னாள். இன்னொன்றையும் கட்டாயம் எழுதச் சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், இனிமேல் சிக்னல் நன்றாக இருக்கும். இத்தனை வருஷமாக நீ சொல்லி, அவள் வெறுமனே சரி என்றதையெல்லாம் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டுமாம். வேலை போனதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா