அலமாரியில் நான் பூட்டிய நோட்டு

இன்று காலை நம் தமிழ் வாசகசாலை அலமாரியைத் திறந்ததும் சுக்கு வாசனை மூக்கில் ஏறியது. பாச்சை உருண்டை வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது. மூன்றாம் தட்டில் உன் நோட்டு. நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. நீ வேலை பார்த்த, சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி இன்னும் அந்தத் தாள்களில் இருக்கிறது.

அலமாரியைத் திறந்த காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. பழைய செய்யுள் புத்தகங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தொடர்கதைப் பத்திரிகைகளை அடுக்க வேண்டுமாம். “சோழன் காலத்துப் பாட்டு இப்ப ஆருக்கு வேணும், செக்ரட்டரி சாரே? ராக்கெட் விடுற காலமாக்கும்” என்று புது மெம்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புத்தகங்களுக்கு நான்தான் காவல்காரன். ஒருவரும் தொடாததைப் பெருமையாக நினைத்த காவல்காரன். ஒரு நாள் மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கத்துச் சாயாக்கடையில் நீ இந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாய். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பாட்டுகள், பக்கம் பக்கமாக, மலையாள எழுத்தில். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே நம் பேச்சில் அர்த்தம். கிட்டங்கிப் பெண்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் படித்ததோ மலையாளம், அதனால் இப்படி எழுதினேன் என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது தமிழுக்குச் செய்யுற துரோகம். வாசகசாலை முத்திரை இதுல விழாது.”

நீ சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: “எங்க உம்மா அரபி எழுத்துலதான் தமிழ் வாசிச்சாங்க. சாகுற வரைக்கும் வாசிச்சாங்க. தமிழுக்கு என்னடா ஆயிப்போச்சு?”

பதில் வராத ஆத்திரத்தில் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் இந்த அலமாரியில் பூட்டினேன். நீ சண்டைக்கு வரவில்லை. “பூட்டிக்கோ செக்ரட்டரி. கிட்டங்கில பாத்துமாவுக்குப் பாதி மனப்பாடமாயாச்சு” என்றாய். மறுநாள் மத்தியானம் நான் வேலை பார்த்த முனிசிபாலிட்டி ஆபீசுக்கே வந்து, என் மேஜையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

கிட்டங்கியில் சுக்குத் தரம் பிரிக்கும் பெண்கள் கஞ்சி குடித்துவிட்டுச் சாக்குகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தூசியில் நான் தும்மிக்கொண்டே இருந்தேன். இடக்கொச்சியிலிருந்து வேலைக்கு வரும் பாத்துமா மட்டும் சுக்கைப் பொறுக்கிக்கொண்டே ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடல் கடந்து வணிகம் போனவனின் மனைவி, துறையில் வந்து இறங்கும் ஒவ்வொரு மாலுமியிடமும் அவன் நடையை நடந்து காட்டி, இப்படி நடக்கிறவனைப் பார்த்தீர்களா என்று கேட்கும் பாட்டு. பாத்துமாவின் புருஷன் பாய்க்கப்பல் ஏறிப் போய் மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. ஒரு கடிதாசு வரவில்லை.

சொல்லி முடித்தவள் உன்னைப் பார்த்து, “இக்கா, இந்தப் பொம்பள எந்த ஊரு?” என்று கேட்டாள்.

“அவ இருந்தது எழுநூறு வருஷம் முந்தி, பாத்துமா.”

சுக்கில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. “அல்லாவே! எழுநூறு வருஷமாவா அவன் வரல?”

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மார்க் வாங்கியவன் நான். அதற்குள் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. சாயங்காலமே நோட்டை வெளியே எடுத்து முத்திரை குத்தினேன். அவசரத்தில் முத்திரை கோணலாக விழுந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே நீ வருஷக்கணக்கில் என்னைக் கேலி செய்தாய்.

அதன்பிறகு நோட்டு கிட்டங்கியில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. கிழிந்த இடத்தையெல்லாம் நீ ஒட்டினாய். உன் மையத்து அடக்கத்துக்கு வந்த அன்று பாத்துமா அதை என்னிடம் தந்துவிட்டு அழுதாள். பத்திரமாக இருக்கட்டும் என்று மறுபடியும் பழைய இடத்திலேயே பூட்டி வைத்தேன். எனக்குப் புத்தி வருவதற்கு எப்போதும் கொஞ்சம் நாளாகும், அது உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நான் பேசப்போவதில்லை. என் பேச்சு அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. பாத்துமாவை வரச் சொல்லியிருக்கிறேன். அவள் புருஷன் கடைசிவரை திரும்பவில்லை. நோட்டைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். “வேண்டா, எல்லாம் மனசுல உண்டு” என்றாள். அந்தப் பாட்டை அவள் வாயால் கேட்ட பிறகு, அது இருக்கும் புத்தகத்தைத் தராசில் வைக்கத் துணிகிறவர் வைக்கட்டும். நான் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டை இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கிறாய். மீதியை இன்று நான் எழுதி முடித்தேன், என் கையால், மலையாள எழுத்தில். அன்று சாயாக்கடையில் நீ கேட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லையடா.